எண்பதுகளின் ஒலியில் ஒரு தமிழ் ஹிப்ஹாப் ஆல்பம்: டர்பன் வீட்டிலிருந்து முழுமையான வழிகாட்டி

என் மாமனாரின் பீரோவுக்கு மேல் ஒரு ஷூ டப்பா இருக்கிறது. அதற்குள் நாற்பது, நாற்பத்தைந்து கேசட்டுகள். பாதி தமிழ்ப் படப்பாட்டு, கொஞ்சம் பக்திப்பாட்டு, மீதி இந்த ஊர் பாப். உறைகளில் பேனாவால் எழுதியதெல்லாம் மங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நேரம், என் கொழுந்தன் அதில் ஒன்றை எடுத்து ஓட்டினான். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சின்த், அதாவது மின்னணு கீபோர்டின் ஒலி, நடுங்கிக்கொண்டே மேலே வந்தது. "அண்ணி, எனக்கு இந்த சவுண்டுதான் வேணும். இது மேல நான் ராப் பண்றேன்" என்றான்.

அவன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். ஆங்கிலமும் ஜூலுவும் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் என்றால் கோயிலில் கேட்டதும் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், பேசியதும்தான். நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள், சிறுவயதில் கீபோர்டு கற்றவள், சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். நாங்கள் இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒன்பது பாட்டு முடிக்கப் பதினான்கு மாதம் ஆனது. அதில் நான்கு மாதம் தப்பான வழியில் போனது. அந்த நான்கு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தேவையான பொருள் குறைவுதான்: ஒரு மடிக்கணினி, ஒரு நல்ல ஹெட்போன், கணினிக்குள் இருக்கும் ஒலிகளை வாசிக்க ஒரு சின்ன மிடி கீபோர்டு, ஒரு மைக், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்.

முதல் படி: யாருடைய எண்பதுகள்?

நாங்கள் வீணாக்கிய நான்கு மாதம் இங்கேதான் போனது. இணையத்தில் "எண்பதுகள்" என்று தேடினால் நியான் வெளிச்சம், பனைமரம், ஊதா நிறச் சூரியன் எல்லாம் வரும். அந்த ஒலித் தொகுப்புகளை இறக்கி அப்படியே ஒட்டினோம். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் எந்த ஊர்ப் பாட்டு என்றே தெரியவில்லை. டர்பனிலும் பனைமரம் உண்டு என்று கொழுந்தன் சமாதானம் சொன்னான். எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஷூ டப்பாவுக்கே திரும்பினோம். அதில் மூன்று ஓடைகள் கலந்திருந்தன.

ஒன்று, மேற்கத்திய பாப். அதன் ஒலி முழுக்கச் சில இயந்திரங்களால் ஆனது, அவற்றைப் பிறகு பார்ப்போம். இன்னொன்று, தென்னாப்பிரிக்காவின் சொந்த எண்பதுகள். டவுன்ஷிப் என்பது கறுப்பின மக்கள் வாழ்ந்த புறநகர்க் குடியிருப்பு; அந்தப் பத்தாண்டின் டவுன்ஷிப் பாப்புக்கு இங்கே "பபிள்கம்" என்று பெயர். பாடகி பிரெண்டா ஃபாஸி 1983-இல் 'வீக்எண்ட் ஸ்பெஷல்' பாடி நாடு முழுக்கப் பேர் வாங்கியது அந்த பாணியில்தான். டிரம் மெஷின், பளிச்சென்ற சின்த், ஒருவர் கேட்கக் குழுவினர் பதில் பாடும் அமைப்பு, திரும்பத் திரும்ப வரும் ஒரே பேஸ் (அடி சுருதி) வரி. தொண்ணூறுகளில் இதோடு வேகம் குறைத்த ஹவுஸ் நடன இசை கலந்து, மேலே பேச்சு ஏறி, க்வைட்டோ என்ற இந்த ஊர் இசை பிறந்தது. அதனால் எண்பதுகளின் பாப்புக்கு மேல் ராப் செய்வது இந்த ஊருக்குப் புதுசே இல்லை.

மூன்றாவது, தமிழ்ப் படப்பாட்டு. இந்தியா 1946-லேயே தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்திவிட்டது, உறவு சீரானது 1993-இல். நடுவில் வந்த பாட்டெல்லாம் சுற்றுவழியில் வந்தவை, காப்பிக்குக் காப்பி எடுத்தவை என்று மாமா சொல்வார். 1983-இல் இங்குள்ள இந்தியர்களுக்கான ரேடியோ லோட்டஸ் தொடங்கிய பிறகு, வானொலியிலிருந்து பதிவு செய்வதும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது காப்பியில் உச்ச ஒலி தேய்ந்திருக்கும், நாடா ஒரே வேகத்தில் ஓடாமல் சுருதி லேசாக ஆடும். சின்த் நடுங்கியது அதனால்தான். கொழுந்தனுக்குப் பிடித்துப்போனது அந்த நடுக்கம்.

ஆக, நீங்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் அந்தப் பத்தாண்டில் உண்மையில் ஒலித்த பத்துப் பாட்டை எடுத்து வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள், மணிக்கணக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு பாட்டையும் கேட்டு மூன்றே விஷயம் எழுதுங்கள்: வேகம் என்ன, ஸ்நேர் (டிரம்மின் பளீரென்ற அடி) எப்படி அடிக்கிறது, உங்கள் காது எந்த ஒலியில் போய் நிற்கிறது. அந்தப் பத்து வரிதான் ஆல்பத்தின் வரைபடம்.

இரண்டாவது படி: நான்கு கருவி, அதோடு நிறுத்து

அன்றைய குழுக்களிடம் ஆயிரம் ஒலி கிடையாது. ஒரு டிரம் மெஷின், இரண்டு மூன்று கீபோர்டு, அவ்வளவுதான். ஆல்பம் முழுக்க அதே நான்கு ஒலி வருவதால்தான் அது ஒரே ஆல்பமாகக் கேட்கிறது. நாங்கள் வைத்துக்கொண்டது இவை.

டிரம்முக்கு ரோலண்ட் டி.ஆர்-808. இது 1980-இல் வந்து 1983-இல் நின்றுபோனது. உண்மையான டிரம் போலக் கேட்கவில்லை என்று அந்தக் காலத்தில் பலர் ஒதுக்கினார்கள். பழைய சரக்காக மலிந்தபோது ஹிப்ஹாப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். 1982-இல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' 808-க்கு மேல் ஜெர்மானியக் குழு கிராஃப்ட்வெர்க்கின் மெட்டைப் போட்டபோதே ஹிப்ஹாப்பும் எண்பதுகளின் சின்த் பாப்பும் சம்பந்திகள் ஆகிவிட்டன. பிறகு 2008-இல் கான்யே வெஸ்ட் இந்த 808-இன் பெயரையே ஆல்பத்துக்கு வைத்தார். ராப்பர்கள் பாடவும் செய்யலாம் என்று ஒரு தலைமுறை துணிந்ததில் அந்த ஆல்பத்துக்குப் பங்கு உண்டு.

பாப் பக்கம் ஆண்ட டிரம் மெஷின் வேறு: லின்டிரம், 1982. அதற்குள் இருந்தது உண்மையான டிரம்மின் பதிவு. எங்கள் சூத்திரம் எளிது: கிக், அதாவது கனமான கீழடி, 808-இலிருந்து, ஸ்நேரும் கைத்தட்டலும் லின்டிரம்மிலிருந்து. அடியில் ஹிப்ஹாப், மேலே பாப்.

மின்னுகிற மணியோசைக்கும், எலக்ட்ரிக் பியானோ ஒலிக்கும் யமஹா டி.எக்ஸ்-7, 1983. இதன் உள்ளே ஆறு அலைகள் ஒன்றையொன்று ஆட்டி ஒலியை உண்டாக்கும். கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்ட மாதிரி ஒரு கூர்மை கிடைப்பது அதனால். கடைசியாக, மெத்தென்று விரியும் ஒலிக்கு ரோலண்ட் ஜூனோ-106, 1984. அதன் ரகசியம் உள்ளேயே இருக்கும் கோரஸ் பட்டன். ஒரே குரலைப் பிரித்து, கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் ஆட்டித் திரும்பச் சேர்க்கும்.

இவற்றையெல்லாம் விலை கொடுத்து வாங்க நினைக்காதீர்கள், இந்த ஊர்ப் பணமான ராண்டில் கணக்குப் போட்டால் கார் வந்துவிடும். டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் டி.எக்ஸ்-7-ஐ அச்சாகத் தரும், பழைய கருவியின் ஒலிக் கோப்புகளையே அதில் ஏற்றலாம். ஜூனோ மாதிரி ஒலிக்கு சர்ஜ் (Surge) என்ற இலவச சின்த்தில் சாதாரண சா-டூத் (ரம்பப்பல் வடிவ) அலையை எடுத்து, மேலே கோரஸ் போட்டால் போதும். பதிவு மென்பொருளுக்கு ரீப்பர், எஃப்.எல். ஸ்டுடியோ, பேண்ட்லேப் என்று எதுவும் ஆகும். எது கையில் இருக்கிறதோ அதிலேயே இருங்கள்.

கொழுந்தன் வாரம் ஒரு புது சின்த் இறக்கிக்கொண்டு வருவான். "நாலு அடுப்புல விருந்து சமைச்சவங்கதான் நம்ம ஆயா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சண்டை வந்தது உண்மை. ஆறாவது பாட்டில் அவனே வழிக்கு வந்தான்.

மூன்றாவது படி: அந்த ஸ்நேர்

எண்பதுகளை ஒரே ஒலியில் சொல்லச் சொன்னால் நான் ஸ்நேரைத்தான் சொல்வேன். "தாஷ்" என்று பெரிய மண்டபம் திறந்து, உடனே கதவு சாத்திக்கொள்ளும். இதற்கு கேட்டட் ரிவெர்ப், அதாவது கதவு போட்ட எதிரொலி, என்று பெயர். லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்கு ஃபில் காலின்ஸ் டிரம் வாசித்தபோது பிறந்தது. வாசிப்பவரும் பொறியாளரும் பேசிக்கொள்வதற்காக அறையில் தொங்கிய ஒரு மைக் இருந்தது. சின்னச் சத்தத்தையும் தூக்கிக் கொடுக்கும்படி அதில் கடுமையான கம்ப்ரஷன் போட்டிருந்தார்கள். அதன் வழியாக டிரம் கேட்டபோது அறையே வெடித்த மாதிரி இருந்தது. பொறியாளர் ஹ்யூ பேட்கம் அதைப் பிடித்துக்கொண்டார்.

இதை நாமே செய்யலாம். ஸ்நேரை ஒரு தனி வழியில் ரிவெர்ப்புக்கு அனுப்புங்கள். பெரிய அறை, இரண்டு மூன்று விநாடி நீளம். அதன் பின்னால் ஒரு கம்ப்ரஸரை அழுத்தமாகப் போடுங்கள், வால் பகுதி மேலே எழும்பும். கம்ப்ரஸருக்குப் பின்னால் ஒரு கேட், சத்தத்துக்குக் கதவு மாதிரி. அந்த கேட் திறப்பதும் மூடுவதும் ரிவெர்ப் இல்லாத மூல ஸ்நேரைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும். இதற்கு சைட்செயின் என்று இருக்கும் இடத்தில் மூல ஸ்நேரைக் காட்டுங்கள்.

எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தாளத்தட்டின் நீளம் மில்லி விநாடியில் வரும். எங்கள் முக்கியப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு. ஒரு தட்டு 625 மில்லி விநாடி, அரைத்தட்டு 312. கேட்டை 280-இல் மூடவைத்தோம். அடுத்த அரைத்தட்டு வரும் முன்பே அறை காலி. 400-க்குப் போனால் ராப் வரியின் முதல் எழுத்தை ஸ்நேரின் வால் தின்றுவிடுகிறது. 150-க்குக் குறைத்தால் தகர டப்பா.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பபிள்கம் பாட்டின் துள்ளல் வேகத்தை அப்படியே எடுத்தால் தமிழ் ராப்புக்கு மூச்சு முட்டும். 92-க்கும் 100-க்கும் நடுவில் வைத்தால் இரண்டும் சமாதானமாகப் போகும்.

கிக்கைப் பாட்டின் சுருதிக்குச் சேருங்கள். 808 கிக்கை நீட்டினால் அது ஒரு பேஸ் ஸ்வரம்தான், அபஸ்வரமாக இருந்தால் பாட்டே கோணும். பாட்டு ஏ மைனரில் என்றால் கிக் 55 ஹெர்ட்ஸில் நிற்கட்டும். கைப்பேசி ஸ்பீக்கரில் 55 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது. அதனால் கொஞ்சம் சாச்சுரேஷன் (லேசான ஒலிச் சிதைவு) ஏற்றுங்கள். 110, 165 என்று மேலே கிளைகள் முளைக்கும், காது அடியை ஊகித்துக்கொள்ளும்.

நம்ம ஊர் அடியும் வேண்டும் என்று எனக்கு ஆசை. காவடித் திருவிழாவில் பதிவு செய்யப் போனேன். கூட்டத்தின் இரைச்சல், பக்கத்து ஒலிபெருக்கி, ஒன்றும் தேறவில்லை. பிறகு தவில் வாசிக்கும் ஒருவரை வீட்டுக்கே அழைத்து, தனித்தனி அடியாக முப்பது அடி பதிவு செய்தோம். அதை 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸுக்குக் கரடுமுரடாக்கினோம். சாம்ப்ளர் என்பது ஒலியைப் பிடித்துத் திரும்ப வாசிக்கும் கருவி; 1987-இல் வந்த எஸ்.பி-1200 சாம்ப்ளரின் தரம் அதுதான். அதில் மொத்தமே பத்து விநாடி ஒலிதான் பிடிக்கும், ஆனாலும் பொற்கால ஹிப்ஹாப்பின் புழுதி வாசனை அதிலிருந்து வந்தது. தவிலின் வலந்தலை அடி அந்தக் கரடுக்குள் போனதும் பழைய நாடாவிலிருந்து எடுத்தது மாதிரி ஆகிவிட்டது.

நான்காவது படி: கார்டுகள்

இதில் அதிக நேரம் போக்க வேண்டாம். எண்பதுகளின் பாப்பில் அடிக்கடி வரும் ஒரு தந்திரம், பேஸ் ஒரே ஸ்வரத்தில் நிற்க, மேலே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், மட்டும் நகர்வது. தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பேஸ் ஏ-யிலேயே நிற்கட்டும், மேலே எஃப், ஜி, ஏ மைனர் என்று போய் வாருங்கள். சோகமாக வேண்டுமென்றால் நடபைரவி. சோகத்திலும் ஒரு நிமிர்வு வேண்டுமென்றால் தைவதத்தை மட்டும் உயர்த்துங்கள், கரகரப்பிரியா ஆகிவிடும், ஜூனோவின் ஒலிக்கு அது அபாரமாகப் பொருந்தும். பல்லவிக்கு நான்கு கார்டு, ராப்புக்கு இரண்டு போதும்.

ஐந்தாவது படி: வரிகள்

என்னைக் கேட்டால் ஆல்பம் நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

கொழுந்தன் முதலில் எழுதியதெல்லாம் ஆங்கில ராப் மாதிரி வரிக்கடைசியில் ஒலி பொருந்தும்படி. தமிழில் கடைசிப் பொருத்தம் சுலபமாகக் கிடைத்துவிடும்: வந்தேன், போனேன், பார்த்தேன், தோற்றேன். சுலபமாகக் கிடைப்பதால் சீக்கிரம் சலிக்கும். நம் மொழியின் பிடி வரியின் முன்பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் எழுத்து பொருந்தினால் எதுகை, முதல் எழுத்து பொருந்தினால் மோனை. ராப்பில் எதுகையை வைத்தால் ஒவ்வொரு வரியும் உதைத்துக்கொண்டு கிளம்பும்.

அடுத்து சந்தம். காவடிக்குப் போகிற பிள்ளைகளுக்குத் திருப்புகழ் காதில் ஏறியிருக்கும். அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே ஃப்ளோ, அதாவது ராப்பின் ஓட்டத்தை, எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் நிஜமாகத்தான் சொல்கிறேன். அவருடைய சந்தங்களில் ஒன்று:

தத்தத்தன தத்தத் தனதன

வரிகளை அவரிடமிருந்து எடுக்காதீர்கள், அளவை மட்டும் எடுங்கள். "தத்" என்பது இரண்டு மாத்திரை, "த", "ன" ஒவ்வொன்றும் ஒரு மாத்திரை. கூட்டினால் 2+2+1+1, 2+2, 1+1+1+1, மொத்தம் 14. ஹிப்ஹாப்பின் ஒரு பாரில், அதாவது நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்றில், 16 சின்னக் கட்டங்கள். மிச்சம் இரண்டு, மூச்சு வாங்க.

இந்த அளவில் நாங்கள் கட்டிய இரண்டு வரி:

எட்டுத்தெரு சுற்றித் திரிகிற
வெட்டிப்பய கட்டுக் கதையிது

இப்போது இதை பீட்டில் வைத்துப் பாருங்கள். ஸ்நேர் விழுவது 5-ஆம் கட்டத்திலும் 13-ஆம் கட்டத்திலும். வரியை 1-இல் தொடங்கினால் 5-இல் "தெ", 13-இல் "கி" விழுகிறது. இரண்டும் குறில். பெரிய ஸ்நேரின் கீழே சின்ன எழுத்து நசுங்கிப்போகிறது. பதிவில் கேட்டபோது "எட்டு… ரு" என்றுதான் காதில் விழுந்தது.

ஒரு நாள் கொழுந்தன் அவசரத்தில் வரியை இரண்டு கட்டம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டான், அதாவது முந்தைய பாரின் 15-இலிருந்து. "தப்பு, திரும்ப எடு" என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். "எட்" முந்தைய பாரின் கடைசியில். "டுத்" 1-இல் கிக்கோடு சேர்ந்து விழுந்தது. 5-இல் வந்த ஸ்நேரின் மேல் "சுற்" என்ற கனமான அசை. வரி 12-இல் முடிந்துவிட்டது. 13-இல் அடுத்த ஸ்நேர் வந்தபோது குரலே இல்லை. மண்டபம் திறந்து மூடுவது தனியாகக் கேட்டது. 15-இல் "வெட்" என்று அடுத்த வரி உள்ளே பாய்ந்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது: அந்தப் பெரிய ஸ்நேருக்கு இடம் விட்டுத்தான் வரி எழுத வேண்டும். எண்பதுகளில் பாடகர்களும் அப்படித்தான் இடம் விட்டார்கள். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டத் தாள் வைத்தோம். கணக்கு நோட்டில் 16 கட்டம் வரைந்து, 5-ஐயும் 13-ஐயும் சிவப்பு மையால் அடைத்து, எழுத்துகளைப் பென்சிலால் நிரப்புவது. சிவப்பில் ஒன்றில் நெடிலோ ஒற்றடுத்த எழுத்தோ வரட்டும், இன்னொன்று காலியாக இருக்கட்டும். எல்லா வரிக்கும் இதையே செய்தால் இயந்திரம் ஆகிவிடும். நான்கு வரிக்கு ஒருமுறை மீறுங்கள்.

இன்னொரு விஷயம், இங்கே வளர்ந்தவர்களுக்காக. பலரும் தமிழை ரோமன் எழுத்தில்தான் எழுதிவைத்துப் பாடுகிறார்கள், கோயில் பாட்டுப் புத்தகமும் அப்படித்தான் இருக்கிறது. தப்பில்லை. ஆனால் அதில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். "கலை வளர்க்கும் ஊரு" என்று எழுதியதை அவன் ஜோராக "களை வளர்க்கும் ஊரு" என்று பாடிவிட்டான். ஆயா மட்டும் கேட்டார்: "களையை யாருப்பா வளர்க்கிறது? பிடுங்கத்தானே செய்வாங்க?" அதிலிருந்து வரி முடிந்ததும் முதலில் ஆயா காதுக்கு, பிறகுதான் மைக்குக்கு.

ஆங்கிலமும் ஜூலுவும் கலக்கலாமா? கலக்கலாம், தெருவில் பேசுகிற அளவுக்கு. பல்லவியில் பபிள்கம் பாணிக் கேள்வி பதில் வைத்தால் கலப்பு தானாக அமையும்: கேள்வி ஒரு மொழி, பதில் இன்னொன்று.

ஆறாவது படி: குரல் பதிவு

சத்தம் பிடிக்காத அறை வேண்டுமென்றால் பட்டுப்புடவை அலமாரியைத் திறந்துவையுங்கள். அதன் முன்னால் மைக், பாடுபவருக்குப் பின்னால் ஒரு கனமான போர்வை. துணி எதிரொலியை விழுங்கும். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி.

டர்பனின் பிரச்சினைகள் இரண்டு. ஒன்று ஹடீடா பறவை. விடிகாலையிலும் சாயங்காலத்திலும் கூரை மேல் அது கத்துகிற கத்தலை எந்த மென்பொருளும் நீக்காது. பத்து மணிக்கு மேல் பதிவு செய்யுங்கள். இன்னொன்று மின்சாரம். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது, இரண்டிரண்டு மணி நேரமாகப் போகும். போவதில் நஷ்டமில்லை, திரும்பி வருகிற வேகத்தில்தான் எங்கள் வன்தட்டு ஒன்று போனது, கூடவே முடிந்த இரண்டு பாட்டு. இப்போது நிலைமை மேல் என்றாலும் பழக்கத்தை விடவில்லை: மின்சாரம் திடீரென்று பாய்ந்தால் தடுக்கும் பிளக், இரண்டு இடத்தில் நகல், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

ராப் வரிகளை இரண்டு முறை பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். எல்லா வரிக்கும் வேண்டாம், கடைசிச் சொற்களுக்கு மட்டும். பல்லவிக்கு நான்கு முறை, இடது இரண்டு, வலது இரண்டு, மேலே ஜூனோவில் போட்ட அதே கோரஸ். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோ-டியூன் வந்தது 1997-இல், எண்பதுகளின் ஒலியில் அதற்கு இடமில்லை. போட்டே ஆகவேண்டும் என்றால் அது திருத்தும் வேகத்தைக் குறைத்துப் போடுங்கள், இல்லையென்றால் கமகத்தை எல்லாம் படிக்கட்டாக வெட்டிவிடும்.

ஏழாவது படி: அடுத்தவர் பாட்டை எடுக்கலாமா?

ஷூ டப்பாவிலிருந்து நேராக வெட்டி ஒட்ட ஆசை வரும், எங்களுக்கும் வந்தது. ஒரு பதிவிலிருந்து இரண்டு விநாடி எடுத்தாலும் இரண்டு பேரின் அனுமதி தேவைப்படும்: ஒலிப்பதிவின் உரிமையாளர், பாட்டை இயற்றியவர். இங்கே 1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு பாதுகாப்புத் தருகிறது, இந்தியாவில் அது 60 ஆண்டு. எண்பதுகளின் பாட்டு எதுவும் இன்னும் அந்தக் கணக்கைத் தாண்டவில்லை. தமிழ்ப் படப்பாட்டில் உரிமை யாருக்கு என்பதே தகராறு, இளையராஜா தன் பாடல்களுக்காக நோட்டீஸ் அனுப்பிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

மெட்டை நாமே வாசித்துப் பதிவு செய்தால் ஒலிப்பதிவுக்காரரின் அனுமதி தேவையில்லை, இயற்றியவரின் அனுமதி அப்போதும் தேவை. நாங்கள் மூன்றாவது வழியில் போனோம். நானே ஒரு எட்டு பார் இடையிசை எழுதி வாசித்து, அதை மாமாவின் பழைய டெக்கில் கேசட்டில் பதிந்து, அந்தக் கேசட்டை இன்னொன்றில் பதிந்து, மறுபடி கணினிக்கு ஏற்றினோம். மூன்றாவது காப்பி. உச்ச ஒலி தேய்ந்து, சுருதி ஆடி, அன்றைக்குக் கேட்ட அதே நடுக்கத்தோடு வந்தது. அதை வெட்டித் துண்டாக்கி பீட்டில் வைத்தோம். டெக் இல்லாதவர்கள் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிட்டு, விநாடிக்கு ஒரு முறை சுருதியை மயிரிழை ஆட்டலாம். கிட்டத்தட்ட வரும்.

எட்டாவது படி: மிக்ஸ்

வரிசை முக்கியம்: முதலில் கிக், ஸ்நேர், குரல். இவை மூன்றும் நின்ற பிறகு மற்றது. டி.எக்ஸ்-7-இன் மணி ஒலியும் குரலின் மெய்யெழுத்துகளும் ஒரே இடத்தில் முட்டும், 2,000 ஹெர்ட்ஸுக்கும் 4,000 ஹெர்ட்ஸுக்கும் நடுவில். ராப் ஓடும்போது மணியை அந்த இடத்தில் மூன்று டெசிபல் குறையுங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் இடது வலது பிரியாமல் மோனோவில் இருக்கட்டும்.

ஹெட்போனில் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். டர்பனில் இதற்கென்றே கடவுள் ஒரு சோதனைச் சாலை கொடுத்திருக்கிறார்: மினிபஸ் டாக்ஸி. பின்னிருக்கைக்கு அடியில் சப்வூஃபர் வைத்து ஜன்னல் அதிர ஓட்டுவார்கள். கொழுந்தன் ஓட்டுநரிடம் கேட்டு எங்கள் பாட்டைப் போட்டான். 808 வயிற்றில் இடித்தது, ராப் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்து, பாடுவது யார் என்று கேட்டார். ஆளே இல்லை என்று நினைத்திருப்பார் போல. வீட்டுக்கு வந்ததும் பேஸை இரண்டரை டெசிபல் இறக்கினோம்.

கடைசிக் கோப்பான மாஸ்டரில் சத்தத்தை முட்ட முட்ட ஏற்றாதீர்கள். ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14 LUFS என்ற சத்த அளவுக்குச் சமப்படுத்திவிடும். ஸ்நேர் பெரிதாகக் கேட்க வேண்டுமென்றால் சுற்றி இருப்பவை சின்னதாக இருக்க வேண்டும்.

ஒன்பதாவது படி: வரிசையும் வெளியீடும்

கேசட்டை நினைத்தே பாட்டு வரிசை போடுங்கள். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30. எங்கள் ஒன்பது பாட்டும் 34 நிமிடம், ஏ பக்கத்தில் ஐந்து, பி பக்கத்தில் நான்கு. ஐந்தாவது பாட்டு வேகமாக முடிய வேண்டும், ஆறாவது நிதானமாகத் தொடங்க வேண்டும். கேசட்டைத் திருப்பிப் போடுகிற அந்த இடைவெளியை மனதில் கேட்டுப் பாருங்கள்.

பிறகு காகித வேலை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறி தேவை, இங்கே ஒலிப்பதிவுத் துறைச் சங்கமான ரிசாவிடம் பெறலாம், விநியோகம் செய்யும் நிறுவனமும் கொடுக்கும். வானொலியிலும் மேடையிலும் ஒலித்தால் வரும் தொகைக்குப் பாட்டை எழுதியவர்கள் சாம்ரோ என்ற உரிமைத்தொகை அமைப்பில் பதிய வேண்டும். ஸ்ட்ரீமிங், பிரதி உரிமைக்கு காபாசோ என்ற இன்னொரு அமைப்பு. லோட்டஸ் எஃப்.எம். போன்ற நிலையங்களுக்குப் பாட்டை அனுப்பும் முன்பே பதிந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு தாள். பாட்டின் பெயர், யார் மெட்டு, யார் வரி, யாருக்கு எத்தனை சதவீதம், கையெழுத்து. குடும்பத்துக்குள் இதெல்லாமா என்று மாமா முகம் சுளித்தார். ஏழு பாட்டில் எனக்கும் கொழுந்தனுக்கும் பாதிப் பாதி. இரண்டில் தவில்காரருக்கும் பங்கு போட்டோம், அந்த இரண்டு பாட்டின் அடியே அவர் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டியதிலிருந்து பிறந்தது என்பதால். "களை" வரிக்குத் தனக்கும் ஒரு சதவீதம் வேண்டும் என்று ஆயா கேட்டுக்கொண்டிருக்கிறார். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.